பேனாவால் வரைந்த நெற்றி

என் மனைவியின் தம்பிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்தே சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டான். அதனால் வீட்டில் ‘சீப்பு’ என்றார்கள். பிறகு அவன் வேலைக்குச் சேர்ந்த மூக்குக் கண்ணாடிக் கடையிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அது எப்படி நின்றுபோனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். நான் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பிறர் சொன்னதைச் சொன்னார்கள் என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

அவனுடைய அப்பா, என் மாமனார், லாரி ஓட்டினார். முப்பது வயதுக்குள் அவருக்கு முழு வழுக்கை. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. துண்டை எடுத்தால் ஒரே இழுப்பில் முகத்தில் தொடங்கிப் பிடரிவரை துடைத்துவிடுவார். “எனக்கு நெத்தி எங்க முடியுதுன்னு தெரியல, அதனாலதான் சோப்பு சீக்கிரம் தீருது” என்று சாப்பிடும்போது சொல்வார். எல்லோரும் சிரிப்போம். சீப்பு மட்டும் தட்டைப் பார்த்தபடி இருப்பான். அந்தத் தலை தனக்கும் வரப்போகிறது என்று பத்தாவது படிக்கும்போதே அவன் பயந்துகொண்டிருந்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கடை நீளமாகவும் குறுகலாகவும் இருக்கும். இரண்டு பக்கச் சுவரிலும் ஃப்ரேம்கள் அடுக்கிய தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் ஆள் முகம் பார்க்கிற கண்ணாடி. அதன் விளிம்பில் வெள்ளை விளக்கு. காலையில் கடை திறந்ததிலிருந்து மூடும்வரை அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் முகமே எதிரில் நிற்கும். கடையின் பின்கோடியில் ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் லென்ஸ் அரைக்கிற அறை. அங்கே வேலை செய்தவர் எப்போதும் வெள்ளைத் தூள் அப்பிய கையோடு இருப்பார். அவரை ‘மாவு’ என்பார்கள். முதலாளி வாசல் பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்.

சீப்புக்கு முன்பக்கத்து வேலை. வருகிறவர் முகத்துக்கு ஏற்ற ஃப்ரேமை எடுத்து மாட்டிப் பார்ப்பது, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தைச் சின்ன அளவுகோலால் அளப்பது, காதுக்குப் பின்னால் வளைகிற இடத்தைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பது. அளக்கும்போது எதிரில் இருப்பவர் கண் அலையக்கூடாது. அதற்காக ஏதாவது ஓர் இடத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கடையில் மற்றவர்கள் “என் நெத்தியைப் பாருங்க” என்பார்கள். சீப்பு மட்டும் “என் காதைப் பாருங்க” என்பான். இருபத்துநாலு வயதிலேயே அவனுக்கு நெற்றியின் இரண்டு மூலையிலும் முடி பின்வாங்கத் தொடங்கியிருந்தது.

லென்ஸ் மாற்ற வருடம் ஒரு முறை வரும் ஒருவர் ஒரு நாள் அவனை உற்றுப் பார்த்துவிட்டு, “தம்பி, போன வருஷம் உங்க நெத்தி இவ்வளவு பெருசா இல்லையே, பதவி உயர்வா?” என்று கேட்டாராம். முதலாளி மேஜையைத் தட்டிச் சிரித்தாராம். அன்று சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். சாப்பிடவில்லை.

“முடி நடுற ஆஸ்பத்திரிக்குப் போகப் போறேன் அக்கா.”

“முடி நடுறதா? நாத்தா நடுறதுக்கு?” என்றாள் என் மனைவி.

“நீ கேலி பண்ணு.”

“டேய், இதோ உட்கார்ந்திருக்காரே உன் மாமா, அவரைப் பாரு. தலையில ஒண்ணும் இல்ல. அதுக்காக அவருக்குச் சாப்பாடு இறங்காமலா போச்சு? ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கித்தான் சாப்பிடுறாரு.”

“மாமா கண்ணாடி முன்னால நிக்கிற வேலை பார்க்கல.”

 தனியாகப் போகவேண்டாம் என்று மனைவி என்னையும் கூட அனுப்பினாள். ஆகவே அந்த டாக்டர் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். சீப்பை நாற்காலியில் உட்காரவைத்து, ஊதாநிறப் பேனாவால் அவன் நெற்றிக்கு மேலே ஒரு கோடு வரைந்தார். மூலைகளில் கோடு சற்று உள்வாங்கியிருந்தது.

“இன்னும் இருபது வருஷம் கழிச்சும் உங்க முகத்துக்குப் பொருந்துற கோடு இதுதான்.”

சீப்பு பையிலிருந்து கடையின் அளவுகோலை எடுத்தான். புருவத்தில் வைத்து அளந்தான். பிறகு, பள்ளிக்கூட அடையாள அட்டையில் ஒட்டியிருந்த தன் பழைய படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“ரொம்ப மேல போட்டுட்டீங்க டாக்டர். ஃப்ரேம் மாட்டினா மேல வெறும் நெத்திதான் தெரியும். ஒரு விரல் கீழ வரணும். மூலையையும் நிரப்பணும். இந்தப் படத்துல இருக்கிற மாதிரி.”

“இதுல உங்களுக்குப் பதினேழு வயசு.”

“அதனாலதான் கேட்கிறேன்.”

அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து அவன் பிடரியில் கையை வைத்தார். “இங்க காதுக்குக் காது இருக்கிற முடிதான் உங்க மொத்தச் சரக்கு. இதை எடுத்துத்தான் முன்னால நடணும். எடுத்த இடத்துல திரும்ப முளைக்காது. நட்டது கொட்டாது. ஆனா நட்டதுக்குப் பின்னால, உச்சியில இருக்கிறது உங்க அப்பா கொடுத்த முடி. அது எப்ப வேணும்னாலும் போகும். அது போறப்ப நடுறதுக்குப் பின்பக்கத்துல கொஞ்சம் மிச்சம் வேணும். எல்லாத்தையும் முன்னாலயே செலவு பண்ணாதீங்க. தினம் ஒரு மாத்திரை எழுதித் தரேன். அதை வாழ்நாள் முழுக்க விடக்கூடாது. அது இருக்கிறதைப் பிடிச்சு வைக்கும்.”

“உச்சியை யாருங்க பார்க்கப் போறாங்க? கடைக்கு வர்றவங்க என் எதிர்லதானே நிக்கிறாங்க?”

அவன் வாதத்துக்காகச் சொல்லவில்லை. அவன் தொழிலில் முகம் என்பது எதிரிலிருந்து, கை நீட்டும் தூரத்தில், வெள்ளை விளக்கில் பார்க்கிற ஒரு பொருள். கடையின் அத்தனை கண்ணாடிகளும் அதைத்தான் காட்டின. தலைக்கு மேலிருந்து யாரும் ஃப்ரேம் தேர்ந்தெடுப்பதில்லை.

யோசித்துவிட்டு ஒரு மாதம் கழித்து வரச்சொன்னார் டாக்டர். ஒரு மாதம் கழித்து அதே படத்தோடு போனான். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, கோட்டைக் கீழே இறக்கி வரைந்தார்.

பிடரியிலிருந்து ஒரு நீளப் பட்டையாகத் தோலை எடுத்துத் தைத்தார்கள். அந்தப் பட்டையை நான்கு நர்சுகள் உட்கார்ந்து வேர் வேராகப் பிரித்தார்கள். பிறகு முன்னால் ஊசியால் துளை போட்டு ஒவ்வொன்றாக நட்டார்கள். வலியே இல்லை, ஆனால் பச்சைக் காய் நறுக்குகிற மாதிரி சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது என்றான். எங்கள் வீட்டில்தான் ஒரு வாரம் இருந்தான். படுக்கக்கூடாது என்பதால் உட்கார்ந்தே தூங்கினான். நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கி, மூன்றாம் நாள் கண் திறக்கவில்லை. கடையில் வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொல்லியிருந்தான்.

மூன்றாவது வாரம் நட்டது முழுவதும் தலையணையில் கொட்டியது. அப்படித்தான் கொட்டும், வேர் உள்ளே இருக்கும், மறுபடி வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இருந்தும் தலையணை உறையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதான். சில மாதங்கள் கழித்து, மீசை அரும்புகிற மாதிரி, அந்த ஊதாக் கோடு இருந்த இடத்தில் முடி வந்தது. ஒரு வருடத்தில் சீவுகிற அளவுக்கு நின்றது. அது நன்றாக இருந்தது. அதை மறைக்க முடியாது. பதினேழு வயதுப் படம் எழுந்து நடக்கிற மாதிரி இருந்தது. அளவெடுக்கும்போது அவனும் “என் நெத்தியைப் பாருங்க” என்று சொல்லத் தொடங்கினான்.

அப்படி அவன் நெற்றியைப் பார்த்தவர்களில் ஒருத்தி, அச்சகத்தில் பிழை திருத்துகிற பெண். பொடி எழுத்து பார்த்துப் பார்த்துக் கண் களைத்துக் கண்ணாடி போட வந்தாள். ஃப்ரேம் சரியில்லை என்று மூன்று முறை திரும்ப வந்தாள். ஃப்ரேம் சரியாகத்தான் இருந்தது என்று மாவு எல்லோரிடமும் சொன்னார். அடுத்த வருடம் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

முடி நட்டதை அவளிடம் அவன் சொல்லவில்லை. என் மனைவி இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

“கட்டிக்கப் போறவகிட்ட மறைக்காதடா.”

“அவ என்னை முதல்ல பார்த்ததே இந்த நெத்தியைத்தான் அக்கா. இது என்னோடது இல்லேன்னு எப்படிச் சொல்றது?”

“உன் பிடரியில இருந்துதானே எடுத்தாங்க? எதிர்வீட்டுக்காரன் பிடரியில இருந்தா எடுத்தாங்க?”

“உனக்குப் புரியாது.”

மாத்திரை அங்கேதான் தடைப்பட்டது; இதை அவனே பின்னால் எனக்குச் சொன்னான். கல்யாணம் ஆனபின் மாத்திரை அட்டையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சில காலம் கடைப் பையில் வைத்துச் சாப்பிட்டான். ஒரு நாள் பையில் அவள் ஏதோ தேடியதைப் பார்த்துப் பதறிப்போய் அட்டையைக் கடைக் குப்பையில் போட்டான். அதோடு விட்டான். முடி அப்போது அடர்த்தியாக இருந்தது. அது எப்போதும் அப்படியே இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

பிடரித் தழும்பை அவள் விரலால் கண்டுபிடித்தபோது, சின்ன வயதில் தகரம் கிழித்தது என்றான். அவள் எங்கள் வீட்டில் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். என் மனைவியும், “ஆமா, கூரைத் தகரம்” என்றாள். அதற்குப் பிறகு அவன் அவளைத் தலையில் கை வைக்கவே விடவில்லை. கை மேலே வந்தால் பிடித்துக் கீழே இறக்கிவிடுவான். முதலில் அது விளையாட்டாக இருந்தது. பிறகு வழக்கமாகிப்போனது.

ஐந்தாறு வருடம் அப்படியே ஓடியது. அப்புறம் கடையில் இரண்டு ஃப்ரேம்கள் காணாமல் போயின. முதலாளி கூரையில் கேமரா வைத்து, தன் மேஜையில் படம் தெரிகிற ஒரு திரையும் வைத்தார். இதை மாவு எனக்குச் சொன்னார். ஒரு மதியம், முதலாளி சாப்பிடப் போயிருந்தபோது, சீப்பு மேஜையில் பில் எழுதிக்கொண்டிருந்தானாம். எதேச்சையாகத் திரையைப் பார்த்தானாம். மேஜைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு ஆள் குனிந்து நிற்கிறான். உச்சியில் வட்டமாக முடி இல்லை. வழுக்கைக்கு முன்னால் மட்டும் வேலி கட்டினது போல ஒரு வரிசை முடி.

“அண்ணே, கஸ்டமர் யாரோ மேஜைகிட்ட வந்து நிக்கிறாரு, பாருங்க” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தானாம்.

மாவு கை துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். “யாரும் இல்லையே.”

“இதோ, திரையில.”

“அது நீதானே சீப்பு” என்றார் மாவு. சொல்லிய பிறகுதான், சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்ததாம். அவன் நிமிர்ந்தான். திரையிலிருந்த ஆளும் நிமிர்ந்தான். அவன் கையைத் தலையில் வைத்தான். அந்த ஆளும் வைத்தான்.

மறுநாளே டாக்டரிடம் போனான். இந்த முறையும் நான் கூடப் போனேன். அவர் விளக்கைக் கிட்டே இழுத்து வெகுநேரம் பார்த்தார்.

“மாத்திரை?”

“விட்டுட்டேன்.”

“பின்பக்கத்துல எடுக்க இடம் இல்லை. இருக்கிறதையும் எடுத்தா தழும்பு வெளிய தெரியும்.”

“அப்ப மொட்டையே அடிச்சிடுறேன் டாக்டர். எங்க அப்பா மாதிரி இருந்துட்டுப் போறேன்.”

அந்த அம்மா விளக்கைத் தள்ளி வைத்தார். பிறகு, “அடிக்கலாம். காதுக்குக் காது கோடு தெரியும். முன்னால நட்ட இடம் புள்ளி புள்ளியா தெரியும். அதுவும் ரெண்டு நாள்ல வளர்ந்துடும். அது போகாது. உச்சியில இருக்கிற மிச்சமும் போயிடும், முன்னால நட்டது இருக்கும்” என்றார். மாத்திரையை மறுபடி தொடங்கினால் மிச்சம் இருப்பது கொஞ்ச காலம் தாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அவன் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டான். மருந்துக் கடைக்கு நாங்கள் போகவில்லை.

படி இறங்கும்போது என்னிடம் ஒன்று சொன்னான். “அப்பாவுக்கு வழுக்கையாவது கிடைச்சுது மாமா. எனக்கு அதுகூட இல்ல.”

அதன்பிறகு உச்சியில் கறுப்புத் தூள் தூவிக்கொள்ளத் தொடங்கினான். முடி போலவே ஒட்டிக்கொள்ளும் தூள் அது. அடுத்து நடந்ததும் மாவு சொன்னதுதான். கூட்டம் நிறைந்த ஒரு மாலையில் கடையின் மின்விசிறி நின்றுபோனது. வயதான ஓர் அம்மாவுக்குக் குனிந்து காது மடலில் ஃப்ரேமைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் நெற்றியிலிருந்து ஒரு கறுப்புச் சொட்டு இறங்கி அந்த அம்மாவின் புது லென்ஸில் விழுந்தது.

“தம்பி, பேனா ஏதாவது ஒழுகுதா பாருப்பா” என்றார் அந்த அம்மா. அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். தன் கைக்குட்டையையே எடுத்து நீட்டினார். அவன் அதை வாங்கி லென்ஸைத் துடைத்தான். அடுத்த சொட்டும் விழுந்தது. வரிசையில் நின்ற யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். அவன் ஃப்ரேமை மேஜையில் வைத்துவிட்டு அரைக்கிற அறைக்குள் போனான். அன்றிலிருந்து அவன் முன்பக்கம் வேலை செய்யவில்லை. முதலாளி அவனை உள்ளே போகச் சொல்லவில்லை, திரும்ப முன்பக்கம் வரவும் சொல்லவில்லை. மாவுக்கு வயதாகிக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த அறையில் முகம் பார்க்கிற கண்ணாடி கிடையாது. தலையில் ஒரு துணித்தொப்பி போட்டுக்கொண்டான். அன்றைக்கே ‘சீப்பு’ என்று கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லி நிறுத்தவில்லை.

இனி எழுதுவது அவன் மனைவி என் மனைவியிடம் சொன்னது. நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

அவன் தொப்பியைக் கழற்றாமலே சாப்பிடுகிறான், தொப்பியோடே படுக்கிறான். பத்து நாள் பார்த்துவிட்டு, பிழை திருத்திக்கொண்டிருந்த தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவள் கேட்டிருக்கிறாள்.

“எத்தனை நாள் இப்படி?”

“ஜலதோஷம்.”

“ஜலதோஷம் இல்ல. தகரமும் இல்ல. தகரம் இவ்வளவு நேரா கிழிக்காதுங்க. அச்சுல கோடு போட்ட மாதிரி இருக்கு. கல்யாணமான முதல் மாசமே எனக்குத் தெரியும். பையில மாத்திரை அட்டையும் பார்த்தேன். பேரைப் படிச்சு எதுக்குன்னு விசாரிச்சேன்.”

“தெரிஞ்சும் ஏன் கேட்கல?”

“நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். அப்புறம் அட்டை காணோம். சரி, தேவைப்படல போலன்னு நினைச்சேன்.”

 யாருக்குத் தெரியக்கூடாது என்று மாத்திரையை விட்டானோ, அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. அன்றே அவன் வாயைத் திறந்திருந்தால், அல்லது அவள் திறந்திருந்தால், இன்னும் சில வருடமாவது தலை தாங்கியிருக்கும். இதை அவள் சொன்னபோது என் மனைவி அழுதாள். கூரைத் தகரம் என்று சொன்னவள் அவள்தானே.

“முடி போனது எனக்கு ஒண்ணும் இல்லண்ணி” என்றாள் அவள். “எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் தலை பளபளன்னுதான் இருக்கும். ஆறு வருஷமா கையைத் தட்டி விட்டாரே, அதுதான். தொப்பியை ஒரு தடவை எடுங்க, பார்க்கணும்னு சொன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு எடுத்தாரு. நான் மெதுவா கையை வச்சேன்.”

“அப்புறம்?”

“தட்டி விட்டுட்டாரு. வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும். கை தானா வந்துடுச்சு. அவரே பயந்துபோய் என்னைப் பார்த்தாரு. நான் போய்த் தாளை எடுத்துத் திருத்த உட்கார்ந்துட்டேன். திரும்பக் கேட்க எனக்கு மனசு வரல. திரும்ப எடுக்க அவருக்கும் வரல.”

இப்போது மூன்று வருடமாகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சண்டை கிடையாது. அவள் தாள்களைத் திருத்துகிறாள். அவன் தொப்பியோடு வருகிறான், போகிறான். முன்னால் நட்ட முடி மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. முடிவெட்டும் கடைக்கு அவன் போவதில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரு வரிசையைத் தானே கத்தரித்துக்கொள்வதாக அவள் சொன்னாள். கத்தரிக்கிற சத்தம் வெளியே கேட்குமாம்.

போன மாதம் என் கண்ணாடியை மாற்றக் கடைக்குப் போனேன். முன்பக்கம் இருந்த புதுப் பெண் அளவெடுக்கத் தயாரானாள். முதலாளிதான், “இவர் நம்ம வீட்டு ஆளு, உள்ள இருக்கிறவரை வரச் சொல்லு” என்றார். சற்று நேரம் ஆனது. பிறகு அவன் வந்தான். கையெல்லாம் வெள்ளைத் தூள். தொப்பி பாதி நெற்றிவரை இறங்கியிருந்தது.

“எப்படி இருக்கீங்க மாமா? அக்கா?”

“இருக்கோம். வீட்டுப் பக்கம் வரலாமில்ல?”

“வரணும்.”

எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அதே சின்ன அளவுகோலை என் மூக்குமேல் வைத்தான்.  நான் வழக்கம்போல் அவன் நெற்றியைப் பார்த்தேன். தொப்பியின் விளிம்புக்குக் கீழே அந்த ஊதாக் கோட்டு முடி, கறுகறுவென்று, ஒரு விரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னைப் பார்க்காதீங்க மாமா” என்றான். “பின்னால சுவரைப் பாருங்க.”

நான் சுவரைப் பார்த்தேன். அவன் அளந்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.